கம்பெனிக்கு ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் தேர்ந்தெடுக்குறது எப்படி: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும் – முழு வழிகாட்டி

புது ப்ராஜெக்ட் வருது, எந்த லாங்குவேஜ்ல எழுதலாம்னு பாத்து சொல்லுங்கன்னு உங்க தலையில பொறுப்பை வச்சுட்டாங்க. அந்த நிலைமையில இருக்குறவங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. எந்த லாங்குவேஜ் நல்லதுன்னு இதுல சொல்லப்போறதில்ல, எந்த வரிசையில யோசிச்சா சரியான இடத்துக்கு வருவீங்கன்னு மட்டும் சொல்றேன்.

முதல் தடவை இந்த வேலையை பண்றவங்க பெரும்பாலும் நாலு லாங்குவேஜை எடுத்து ஒரு டேபிள் போடுவாங்க, வேகத்துக்கு இத்தனை மார்க், கத்துக்குறது சுலபமான்னு இத்தனை மார்க்னு போட்டு, கூட்டி, அதிகமா வந்ததை சொல்லுவாங்க. அந்த மார்க்கை கொஞ்சம் ஏத்தி இறக்கினா போதும், போட்டவருக்கு ஏற்கனவே புடிச்ச லாங்குவேஜ் ஜெயிச்சிடும். மீட்டிங்ல உக்காந்திருக்குற எல்லாருக்கும் இது தெரியும், அதனாலதான் அந்த டேபிளை காட்டின உடனே சண்டை ஆரம்பிக்குது.

நல்லா முடிவெடுக்குற கம்பெனிகள்ல நான் பாத்த வரைக்கும், முதல்ல வெட்டுவாங்க, ஒப்பிடுறது கடைசிலதான். ஒத்துவராததெல்லாம் வெளிய போனதுக்கு அப்புறம் பெரும்பாலும் ரெண்டு லாங்குவேஜ்தான் மிஞ்சும், சில சமயம் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும். கீழ இருக்குற வரிசை அதுக்குத்தான்.

1. ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

கம்பெனில இப்ப ஓடிக்கிட்டிருக்குற கோடு எந்தெந்த லாங்குவேஜ்ல இருக்கு, ஒவ்வொண்ணையும் யார் பாத்துக்குறாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுங்க. யாருமே பாத்துக்காத சர்வீஸ் ஒண்ணு ரெண்டு கண்டிப்பா இருக்கும், அதையும் எழுதுங்க, அது ஏன் அப்படி ஆச்சுன்னு விசாரிங்க. நாம இப்ப எடுக்கப்போற முடிவு அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு அந்த சர்வீஸ்தான் உங்களுக்கு சொல்லும்.

அடுத்து லோட் நம்பர். செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட், எவ்வளவு டேட்டா, பதில் வர எவ்வளவு லேட் ஆனா பயனருக்கு எரிச்சல் வரும். சரியான நம்பர் இல்லன்னா "நூறா, பத்தாயிரமா, பத்து லட்சமா"ன்னு அளவாவது தெரியணும். "ரொம்ப ஸ்கேல் ஆகணும்"னு எழுதி வச்சா எந்த லாங்குவேஜையும் வெட்ட முடியாது.

இது எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு கேளுங்க. ஆறு மாசத்துல தூக்கிப் போடப்போற ப்ரோட்டோடைப்புக்கும் பதினஞ்சு வருஷம் ஓடப்போற பில்லிங் சிஸ்டத்துக்கும் ஒரே கேள்விகளை கேக்கக்கூடாது.

கடைசியா, இந்த முடிவுல கையெழுத்துப் போடப்போறது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. அவருக்கு கவலை செலவா, செக்யூரிட்டியா, ஆள் கிடைக்குறதான்னு தெரியாம இருபது பக்கம் எழுதினா அந்த இருபது பக்கமும் வீண்.

இங்க நிறைய பேர் பண்ற தப்பு: முதல் நாளே டீம்ல "யாருக்கு எந்த லாங்குவேஜ் வேணும்"னு ஓட்டெடுப்பு நடத்துறது. ஒருத்தர் வாய் விட்டு ஒரு பேரை சொல்லிட்டா அதுக்கப்புறம் ஒத்தைக்கால்ல நிப்பாரு. தேவைகளை எழுதி முடிக்குற வரைக்கும் எந்த லாங்குவேஜ் பேரும் வெளிய வரக்கூடாதுன்னு ஒரு விதி வச்சுக்கோங்க.

2. வேலை எதுல நேரம் செலவழிக்குதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க

ஒரு ரிக்வெஸ்ட் உள்ள வந்ததுல இருந்து பதில் வெளிய போற வரைக்கும் நேரம் எங்கெங்க போகுது? டேட்டாபேஸ் பதிலுக்கு காத்திருக்குறதுலயா, இன்னொரு சர்வீஸ் பதில் சொல்றதுக்கா, இல்ல நிஜமாவே ப்ராசஸர் உக்காந்து கணக்கு போடுதா? இதை தனித்தனியா எழுதுங்க.

காரணம் சாதாரண கணக்குதான். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 80 மில்லிசெகண்ட் ஆகுது, அதுல 70 டேட்டாபேஸுக்கு காத்திருக்குற நேரம்னு வைங்க. மிச்சம் இருக்குற 10-ஐ பத்து மடங்கு வேகமான லாங்குவேஜ்ல எழுதினாலும் மொத்தம் 71 ஆகும், அவ்வளவுதான். அதே டேட்டாபேஸ்ல தேடுறதை வேகமாக்குற ஒரு இண்டெக்ஸ் போட்டா பாதியா குறைஞ்சிடலாம். பெரும்பாலான பிசினஸ் சாஃப்ட்வேர் இந்த காத்திருக்குற வகைதான், அதனாலதான் ரூபி, பிஎச்பி, பைத்தான் மாதிரி மெதுவானதுன்னு பேர் வாங்கின லாங்குவேஜ்கள்ல இன்னைக்கும் பெரிய பெரிய கம்பெனிகள் ஓடிக்கிட்டிருக்கு.

வீடியோ என்கோடிங், கம்ப்ரெஷன், சர்ச் இண்டெக்ஸ், கேம் எஞ்சின், லட்சக்கணக்கான கனெக்ஷனை திறந்து வச்சிருக்குற சாட் சர்வர், இதெல்லாம் வேற கதை. உங்க வேலை எந்தப் பக்கம்னு இந்த ஒரு பக்கம் சொல்லிடும், அது தெரியாம பின்னாடி வேகத்தை பத்தி பேசவே கூடாது.

3. மாத்த முடியாத கட்டாயங்களை வச்சு வெட்டுங்க

இதுல வாதமே கிடையாது, அதனால முதல்ல இதை முடிச்சிடுங்க.

ப்ரௌசருக்குள்ள ஓடணும்னா ஜாவாஸ்கிரிப்ட், இல்லன்னா அதுவா மாறக்கூடியது, இல்லன்னா வெப்அசெம்ப்ளி (மத்த லாங்குவேஜ் கோடை ப்ரௌசர்ல ஓட்ட உதவுற வடிவம்). ஐஃபோனுக்கு நேட்டிவ் ஆப்னா ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டுனா காட்லின், ரெண்டுக்கும் ஒரே கோடுன்னா ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் மாதிரி ஒண்ணு, அதோட லாங்குவேஜும் கூடவே வந்திடும். யூனிட்டில கேம் பண்றீங்கன்னா சி ஷார்ப், அன்ரியல்னா சி பிளஸ் பிளஸ். சில பத்து கிலோபைட் மெமரி மட்டும் இருக்குற சிப்புனா சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், இந்த வட்டத்துக்குள்ளதான். மெஷின் லேர்னிங் மாடல் ட்ரெயின் பண்ணணும்னா பைத்தான், அதுக்குன்னு இருக்குற பைடார்ச் லைப்ரரியோட உள்பக்கம் சி பிளஸ் பிளஸ்தான் ஆனா அதை நீங்க தொட வேண்டியதில்ல.

கஸ்டமர் இடத்துல இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர்னா அவங்க சர்வர்ல என்ன அனுமதின்னு கேளுங்க. சில இடங்கள்ல ஒரு ஒத்தை எக்ஸிக்யூட்டபிள் ஃபைலை கொண்டு போய் வச்சாத்தான் வேலை நடக்கும், ரன்டைம், அதாவது கோடு ஓடுறதுக்கு அடியில வேணுங்கிற சாஃப்ட்வேர், இன்ஸ்டால் பண்ண விட மாட்டாங்க. கோலாங் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டூல்கள்ல இவ்வளவு பரவினதுக்கு இது பெரிய காரணம், டாக்கரும் குபெர்னடீஸும் அதுல எழுதினதுதான்.

செக்யூரிட்டியும் இந்த கட்டாய லிஸ்ட்லதான் வரணும். வெளியாள் அனுப்புற ஃபைலையோ பாக்கெட்டையோ பிரிச்சுப் படிக்குற கோடுன்னா மெமரி பாதுகாப்பில்லாத லாங்குவேஜ்ல (சி, சி பிளஸ் பிளஸ் மாதிரி, மெமரியை தப்பா தொட்டாலும் தடுக்காதது) புதுசா ஆரம்பிக்க இன்னைக்கு ரொம்ப வலுவான காரணம் வேணும். மைக்ரோசாஃப்ட் 2019-ல சொன்னது, அவங்க வருஷா வருஷம் சரி பண்ற பாதுகாப்பு ஓட்டைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டதுன்னு. குரோம் ப்ரௌசருக்கு அடிப்படையான குரோமியம் டீமும் அவங்களோட தீவிரமான பக்குகளை எண்ணிப் பாத்து கிட்டத்தட்ட அதே அளவைத்தான் சொன்னாங்க.

புதுசா வர்றவங்க இங்க ரெண்டு விதமா சறுக்குறாங்க. ஒண்ணு, ஆசையை கட்டாயம்னு எழுதுறது. "ஃபங்ஷனல் லாங்குவேஜா இருக்கணும்"ங்கிறது கட்டாயம் இல்ல. இன்னொண்ணு, கட்டாயத்தை விசாரிக்காம விடுறது, அப்படி விட்டா மூணு மாசம் எழுதினதுக்கு அப்புறம் செக்யூரிட்டி டீம் வந்து இந்த ரன்டைமை இங்க அனுமதிக்க மாட்டோம்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு கட்டாயத்துக்கும் பக்கத்துல அதை யார் சொன்னாங்கன்னு எழுதுங்க, ஒருத்தரும் சொல்லலன்னா அது உங்க ஆசை.

4. ஏற்கனவே இருக்குற கோடு: அதிக நேரம் இங்கதான் ஒதுக்கணும்

கம்பெனிகள் ஏன் ஒரு லாங்குவேஜை எடுத்து இன்னொண்ணை விடுறாங்கங்கிறதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுன்னு என்னை கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். பழைய கோடு எதுல இருக்கோ அதுவே அடுத்த முடிவையும் பாதி எடுத்திடுது.

ஃபேஸ்புக்கை பாருங்க. பிஎச்பில வளந்தது, லோட் ஏறினப்ப பிஎச்பி தாங்கல. எல்லாத்தையும் வேற லாங்குவேஜ்ல திருப்பி எழுதலாமேன்னு வெளிய இருக்குறவங்களுக்கு தோணும். அவங்க பண்ணது வேற, 2010-ல பிஎச்பியை சி பிளஸ் பிளஸா மாத்துற ஹிப்ஹாப்னு ஒரு டூலை வெளியிட்டாங்க, அப்புறம் எச்எச்விஎம்னு சொந்தமா ஒரு விர்ச்சுவல் மெஷின் எழுதினாங்க, 2014-ல பிஎச்பி மேலயே டைப் (எந்த இடத்துல எந்த வகை டேட்டா வரும்னு எழுதுறது) சேத்து ஹேக்னு ஒரு லாங்குவேஜ் கொண்டு வந்தாங்க. லட்சக்கணக்கான வரி கோடையும் அதை எழுதத் தெரிஞ்ச ஆளுங்களையும் விட ஒரு கம்பைலர் (கோடை மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துற டூல்) டீம் வச்சுக்குறது அவங்களுக்கு மலிவு. ட்ராப்பாக்ஸும் பைத்தான்ல வளந்து, வேகம் வேணுங்கிற பாகங்களை மட்டும் கோலாங்குக்கு எடுத்துட்டுப் போச்சு, மிச்ச பைத்தானுக்கு மைபைனு ஒரு டைப் செக்கரை போட்டு 2019 வாக்குல 40 லட்சம் வரிக்கு டைப் எழுதி முடிச்சது.

இதைவிட தெளிவான உதாரணம் டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் மேல டைப் சேத்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கினது. அதோட கம்பைலர் டைப்ஸ்கிரிப்ட்லயே எழுதினது, அது மெதுவா இருந்ததால 2025 மார்ச்ல அதை கோலாங்குக்கு மாத்துறோம்னு அறிவிச்சாங்க. முன்ன நின்னது ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், சி ஷார்ப்பை உருவாக்கினவரே அவருதான், இருந்தும் சி ஷார்ப்பை எடுக்கல. எல்லாரும் எதிர்பாத்த ரஸ்ட்டையும் எடுக்கல. காரணம், பழைய கோடு ஃபங்ஷன்களும் டேட்டா ஸ்ட்ரக்சர்களுமா, ஒண்ணை ஒண்ணு சுட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி வர்ற மாதிரி இருக்கு, கார்பேஜ் கலெக்ஷன் (பயன்படாத மெமரியை லாங்குவேஜே தானா விடுவிக்குறது) இருக்கும்னு நம்பி எழுதினது, அதை கிட்டத்தட்ட அப்படியே ஃபங்ஷன் ஃபங்ஷனா பெயர்க்க கோலாங் ஒத்து வந்தது. ரஸ்ட்னா வடிவத்தையே மாத்தி யோசிக்கணும், அப்போ பழைய கம்பைலரும் புதுசும் ஒரே மாதிரி பதில் சொல்லும்ங்கிற உறுதி போயிடும். அவங்க காட்டின நம்பர்ல விஎஸ் கோடுங்கிற எடிட்டரோட மொத்த கோடை செக் பண்ண சுமார் 78 செகண்ட் ஆனது 7.5 செகண்டா இறங்கிச்சு. வேகமான லாங்குவேஜ் எதுன்னு மட்டும் கேட்டிருந்தா இந்த முடிவு வந்திருக்காது.

இதுல இருந்து உங்களுக்கு வேண்டிய கேள்வி: புது லாங்குவேஜ் பழசுக்கு பக்கத்துல உக்காந்து வேலை செய்யுமா? காட்லின் ஜாவா கோடை நேரா கூப்பிடும், ஒரே ப்ராஜெக்ட்ல ஒரு ஃபைல் ஜாவா அடுத்த ஃபைல் காட்லின்னு வச்சுக்கலாம். டைப்ஸ்கிரிப்ட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டோட அப்படித்தான், ஸ்விஃப்ட்டும் ஆப்ஜெக்டிவ் சி-யோட அப்படித்தான். பெருசா பரவின புது லாங்குவேஜ்கள்ல பலதும் பழசை தூக்கிப் போடச் சொல்லாம ஃபைல் ஃபைலா உள்ள வந்ததுதான். பக்கத்துல உக்கார முடியாததுன்னா நெட்வொர்க் வழியா பேசுற தனி சர்வீஸா எழுதணும், அந்த எல்லை உங்களுக்கு சரியா இருக்கான்னு பாக்கணும்.

ஆண்ட்ராய்டு டீம் பண்ணதை இங்க குறிச்சுக்கோங்க. பழைய சி பிளஸ் பிளஸ் கோடை அவங்க மொத்தமா திருப்பி எழுதல, புதுசா எழுதுறதை மட்டும் மெமரி பாதுகாப்பான லாங்குவேஜ்கள்ல எழுத ஆரம்பிச்சாங்க. ஆண்ட்ராய்டோட பாதுகாப்பு ஓட்டைகள்ல மெமரி சம்பந்தப்பட்டது 2019-ல 76 சதவீதம், 2024-ல 24 சதவீதம். அதனால "மாறணும்னா எல்லாத்தையும் மாத்தணும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இந்தப் படியை முடிக்குறப்ப ஒரு நம்பரை எழுதி வைங்க: புது லாங்குவேஜ் வந்தா நம்ம லாக்கிங், லாகின், மானிட்டரிங், டெப்லாய்மெண்ட், பில்டு இதையெல்லாம் அதுக்காக மறுபடி அமைக்க எத்தனை வாரம் ஆகும்? இந்த நம்பரைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. புது லாங்குவேஜ்ல முதல் சர்வீஸ் எழுத ஒரு வாரம்னு சொல்லுவாங்க, அந்த சர்வீஸ் மத்ததெல்லாம் மாதிரி லாக் எழுதி, அலர்ட் அனுப்பி, பாஸ்வேர்டை பத்திரமா எடுத்து ஓடுற நிலைக்கு வர மூணு மாசம் ஆகும்.

5. எழுதப்போற ஆளுங்க, ராத்திரி எழுந்து பாக்கப்போற ஆளுங்க

இந்த ரெண்டு கூட்டமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால தனித்தனியா கேளுங்க. எழுதுறவருக்கு லாங்குவேஜோட சிண்டாக்ஸ் தெரிஞ்சா வேலை ஓடிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு மெமரி ஏறிக்கிட்டே போகுதுன்னு அலாரம் அடிக்குறப்ப எழுந்து பாக்குறவருக்கு அந்த ரன்டைமோட உள்பக்கம் தெரியணும், நேரம் எங்க போகுதுன்னு காட்டுற ப்ரொஃபைலர் ஓட்டத் தெரியணும், மெமரில என்ன இருக்குன்னு காட்டுற ஹீப் டம்ப் எடுத்துப் படிக்கத் தெரியணும். அந்த அறிவு வர வருஷக் கணக்காகும், கம்பெனிகள் ஜாவாவை விடாம இருக்குறதுக்கு இந்த அறிவு நிறைய பேர் கிட்ட இருக்குறதும் ஒரு காரணம்.

ஆள் கிடைப்பாங்களாங்கிறதை ரெண்டு பக்கமும் பாக்கணும். அதிகம் பேருக்கு தெரிஞ்ச லாங்குவேஜ்னா ஆள் சீக்கிரம் கிடைப்பாங்க, ஆனா இண்டர்வியூல வடிகட்டுற வேலை ஜாஸ்தி. கம்மி பேருக்கு தெரிஞ்சதுன்னா வர்றவங்க பெரும்பாலும் ஆர்வத்துல கத்துக்கிட்டவங்களா இருப்பாங்க, ஆனா ஆறு மாசம் இடம் காலியா இருக்கும். வாட்ஸ்அப் எர்லாங்ல ஓடிச்சு, அது எரிக்ஸன் டெலிஃபோன் சுவிட்ச்சுக்காக உருவாக்கின லாங்குவேஜ், பல பேருக்கு தெரியாது. 2014-ல ஃபேஸ்புக் அதை வாங்குறப்ப 45 கோடி பயனர், இன்ஜினியர்கள் முப்பது சொச்சம் பேர்தான். சின்ன டீம், ஒரே மாதிரி வேலை, அந்த வேலைக்குன்னே அளவெடுத்த மாதிரி ஒரு லாங்குவேஜ், அதனால அவங்களுக்கு அது சரியா வந்தது. இருநூறு பேர் இருபது விதமான வேலை பண்ற கம்பெனிக்கு அதே முடிவு கழுத்தைப் புடிக்கும்.

ஒரு விதி மட்டும் கறாரா வச்சுக்கோங்க: ஒரே ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச லாங்குவேஜ் ப்ரொடக்ஷனுக்கு போகக்கூடாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் சரி. கெட்டிக்காரருக்கு வேற வேலை சீக்கிரம் கிடைக்கும், அவர் போனதுக்கு அப்புறம் படி 1-ல லிஸ்ட் எடுத்தப்ப பாத்த "யாருமே பாத்துக்காத சர்வீஸ்" ஒண்ணு கூடிடும்.

6. லைப்ரரி லிஸ்ட்டை பேரோட எழுதுங்க

"இந்த லாங்குவேஜுக்கு எல்லா லைப்ரரியும் இருக்கு"ன்னு யார் சொன்னாலும் ஏத்துக்காதீங்க. உங்களுக்கு வேண்டியதை ஒவ்வொண்ணா எழுதுங்க: நம்ம டேட்டாபேஸ் ட்ரைவர், நம்ம க்யூ, பேமெண்ட் கம்பெனியோட எஸ்டிகே (அவங்க சேவையை நம்ம கோடுல சேக்குறதுக்கான லைப்ரரி), பிடிஎஃப் உருவாக்குறது, எக்ஸெல் படிக்குறது, ஒத்தை லாகின். ஒவ்வொண்ணுக்கும் மூணு விஷயம் பாருங்க. அந்தக் கம்பெனியே வெளியிட்டதா வேற யாரோ எழுதினதா, கடைசியா எப்போ ரிலீஸ் வந்தது, எத்தனை பேர் பராமரிக்குறாங்க.

இதுக்கு காரணம் இருக்கு. 2016 மார்ச்ல லெஃப்ட்பேடுனு பத்துப் பதினோரு வரி பேக்கேஜை எழுதினவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் கிடைக்குற என்பிஎம்ல இருந்து அதை எடுத்துட்டாரு, அதை நேராவும் சுத்தி வளைச்சும் நம்பியிருந்த எத்தனையோ ப்ராஜெக்ட் பில்டு ஆகாம நின்னுச்சு. 2021 டிசம்பர்ல ஜாவாவோட லாக் எழுதுற லைப்ரரி லாக்ஃபோர்ஜேல ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப, தங்களோட எந்தெந்த ஜாவா சாஃப்ட்வேர்ல அது உள்ள இருக்குன்னு கண்டுபுடிக்கவே கம்பெனிகள் நாள் கணக்கா தேடினாங்க. லாங்குவேஜை எடுக்குறப்ப அதோட பேக்கேஜ் பழக்கத்தையும் சேத்துத்தான் எடுக்குறீங்க, ஸ்டாண்டர்டு லைப்ரரி பெருசா இருக்குற லாங்குவேஜ்ல வெளிய இருந்து இழுக்குறது கம்மியா இருக்கும்.

7. லைசன்ஸ், சப்போர்ட் காலம்

சீக்கிரம் முடியுற வேலை, ஆனா விட்டுடாதீங்க.

ஒரு வெர்ஷனுக்கு எத்தனை வருஷம் சப்போர்ட்னு பாருங்க. பைத்தான் வெர்ஷன் ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம். கோலாங்ல ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ், கடைசி ரெண்டுக்கு மட்டும்தான் சப்போர்ட், ஆனா 2012-ல கோலாங் 1 வந்தப்பவே பழைய கோடு தொடர்ந்து கம்பைல் ஆகும்னு வாக்கு குடுத்தாங்க, அதனால அப்கிரேடு பெரும்பாலும் வலிக்காது. ஜாவால எல்டிஎஸ், அதாவது நீண்ட கால சப்போர்ட் உள்ள வெர்ஷன்கள் இருக்கு. பழசை உடைக்குற மாற்றம் வந்தா என்ன ஆகும்னு தெரியணும்னா பைத்தான் 2-ல இருந்து 3-க்கு போனதை பாருங்க, பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பர், பைத்தான் 2-க்கு சப்போர்ட் நின்னது 2020 ஜனவரி 1, நடுவுல பதினோரு வருஷம் ரெண்டையும் சுமந்தாங்க.

லைசன்ஸ்ல லாங்குவேஜை மட்டும் பாத்தா பத்தாது, நீங்க டவுன்லோட் பண்ற அந்த குறிப்பிட்ட பேக்கேஜை பாருங்க. ஓப்பன்ஜேடிகேங்கிற ஓப்பன் சோர்ஸ் ஜாவா இலவசம், ஆரக்கிள் தர்ற ஜாவா சந்தா 2023 ஜனவரில இருந்து கம்பெனியோட மொத்த ஊழியர் எண்ணிக்கையை வச்சு கணக்கு போடப்படுது, ஜாவா தொடுறவங்க எத்தனை பேர்ங்கிறதை வச்சு இல்ல. ரெண்டும் ஜாவாதான், பில்லு வேற. சட்டம் பாக்குறவங்க கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

8. இப்போதான் வேகம்

மிஞ்சியிருக்குற ரெண்டு மூணுக்கு மட்டும் வேகத்தை பாருங்க. இதை முதல்ல பாத்தா என்ன ஆகும்னா, இணையத்துல கிடைக்குற பெஞ்ச்மார்க்ல மேல இருக்குறது மனசுல உக்காந்துடும், அப்புறம் மத்த எல்லா படியும் அதுக்கு சாக்கு தேடுற வேலையா மாறிடும்.

சராசரி நேரத்தை பாக்காதீங்க, மோசமான ஒரு சதவீத ரிக்வெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க. டிஸ்கார்டுங்கிற சாட் ஆப்போட கதை இதுக்கு பொருத்தமானது. யார் எந்த மெசேஜ் வரைக்கும் படிச்சாங்கன்னு வச்சுக்குற அவங்க சர்வீஸ் கோலாங்ல இருந்தது, பெரும்பாலும் வேகமாத்தான் ஓடிச்சு, ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை லேட்டன்சி (பதில் வர ஆகுற நேரம்) குத்தா ஏறிச்சு. கார்பேஜ் கலெக்டர் குறைஞ்சது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடியே ஆகணும், மெமரில பிரம்மாண்டமா ஒரு கேஷ் (அடிக்கடி வேணுங்கிற டேட்டாவை வச்சுக்குற இடம்) இருந்ததால ஒவ்வொரு தடவையும் அது முழுசையும் அலசிப் பாக்க வேண்டியிருந்தது. அவங்க ரஸ்ட்ல திருப்பி எழுதினாங்க, அதுல கார்பேஜ் கலெக்டரே இல்லாததால அந்த குத்து போயிடிச்சு. 2020-ல அவங்களே இதை விவரமா வெளியிட்டாங்க.

இதை படிச்சுட்டு "கோலாங் மெதுவு, ரஸ்ட்டுக்கு போகலாம்"னு சொல்றவங்களை நிறைய பாத்திருக்கேன். அவங்க சர்வீஸ்ல அப்படி ஒரு கேஷே இருக்காது. டிஸ்கார்டு மாத்தினது ஒரு சர்வீஸ், அதுக்கு அளந்து பாத்த ஒரு காரணம் இருந்தது. உங்க கிட்ட கிராஃப் இருக்கா, அதுல குத்து இருக்கா, அது எதனாலன்னு தெரியுமா? தெரிஞ்சா பேசுங்க.

இன்னொண்ணு, லாங்குவேஜோட வேகம் நிலையா நிக்குற விஷயம் இல்ல. ஷாப்பிஃபை ரூபியை விட்டு ஓடாம ஒய்ஜிட்னு ஒரு கம்பைலரை எழுதி ரூபிக்குள்ளேயே சேத்தாங்க, 2021 டிசம்பர்ல வந்த ரூபி 3.1-ல அது இருக்கு. நாலு வருஷம் முன்னாடி போட்ட பெஞ்ச்மார்க்கை இன்னைக்கு ஆதாரமா வைக்காதீங்க.

9. கஷ்டமான துண்டை எடுத்து ட்ரையல் பண்ணுங்க

ரெண்டு லாங்குவேஜுக்கு மேல ட்ரையல் வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு மேலயும் வேண்டாம். மூணாவது ஒண்ணை சேத்தா யாருமே எதையும் ஆழமா பண்ண மாட்டாங்க.

எந்தத் துண்டை எடுக்குறதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. சின்னதா ஒரு ஏபிஐ எழுதி "சூப்பரா இருக்கு"ன்னு சொல்றது எந்த லாங்குவேஜ்லயும் நடக்கும், எல்லா லாங்குவேஜும் முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். படி 2-ல எழுதினதுல எது ரொம்ப சிக்கல்னு தெரியுதோ அதை எடுங்க, நிஜ டேட்டாவோட, நிஜ டேட்டாபேஸோட, ஸ்டேஜிங்ல (ப்ரொடக்ஷன் மாதிரியே இருக்குற டெஸ்ட் இடம்) டெப்லாய் பண்ற வரைக்கும்.

யார் எழுதணும்? அந்த லாங்குவேஜை காதலிக்குற ஆள் இல்ல. அவர் பக்கத்துல இருந்து உதவி பண்ணட்டும், கீபோர்டுல உக்கார வேண்டியது டீம்ல சராசரி அனுபவம் உள்ள ஒருத்தர், ஏன்னா நாளைக்கு எண்பது சதவீத கோடை அவரை மாதிரி ஆளுங்கதான் எழுதப்போறாங்க.

எழுதி முடிச்ச உடனே ட்ரையல் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, பாதி நாளை இதுக்கு வைங்க: வேணும்னே ஒரு மெமரி லீக்கை உள்ள போட்டு, எழுதாத இன்னொருத்தரை விட்டு கண்டுபுடிக்கச் சொல்லுங்க. டேட்டாபேஸ் கனெக்ஷனை நடுவுல அறுத்து விட்டு எரர் எப்படி வருதுன்னு பாருங்க. ஒரு முக்கியமான லைப்ரரியை ஒரு பெரிய வெர்ஷன் மேல ஏத்திப் பாருங்க. கோடு எழுதாத ஒருத்தர் அதை படிச்சு ஒரு சின்ன மாற்றம் பண்ண எவ்வளவு நேரம் எடுத்துக்குறாருன்னு பாருங்க. கம்பைல் ஆகுற நேரத்தையும் குறிச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதுக்காக காத்திருக்கப்போறீங்கன்னு யோசிச்சா அது சின்ன விஷயம் இல்ல.

இங்க வர்ற தப்பு, ட்ரையல்ல எழுதின கோடையே "நல்லாத்தானே இருக்கு"ன்னு ப்ரொடக்ஷனுக்கு தள்ளுறது. அப்படி ஆனா முடிவே எடுக்காம முடிவு எடுத்த மாதிரி ஆயிடும். ஆரம்பிக்கும்போதே இது தூக்கிப் போடுற கோடுன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடுங்க.

10. முடிவை எழுதி, மெதுவா உள்ள கொண்டு வாங்க

ரெண்டு பக்கம் போதும். எந்த லாங்குவேஜ், எந்த வெர்ஷன், எந்த மாதிரி வேலைக்கு மட்டும், எதையெல்லாம் எந்த காரணத்துக்காக வெட்டினோம். வெட்டின காரணத்தை கண்டிப்பா எழுதுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் புதுசா சேர்ற ஒருத்தர் "ஏன் அதை எடுக்கல"ன்னு அதே பேச்சை முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு, அவருக்கு காட்ட உங்க கிட்ட எதுவும் இருக்காது.

பழைய லாங்குவேஜையே தொடரலாம்னு முடிவு வந்தாலும் இதே மாதிரி எழுதுங்க. நான் பாத்ததுல பாதிக்கு மேல அப்படித்தான் முடியும், அதை தோல்வின்னு நினைச்சு டாக்குமெண்ட்டை மூடி வச்சுடுறாங்க. அது ஒழுங்கா விசாரிச்சு வந்த பதில்.

புதுசுன்னு முடிவானா முதல் சர்வீஸ் நிஜமா பயன்படுறதா இருக்கணும், ஆனா விழுந்தா கம்பெனியே நிக்குறதா இருக்கக்கூடாது. பேமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க, யாருமே பயன்படுத்தாத ஒரு ரிப்போர்ட்லயும் ஆரம்பிக்காதீங்க, முதல்ல சொன்னதுல பயத்துலயே கத்துக்க முடியாது, ரெண்டாவதுல எந்த பிரச்சனையும் வெளிய தெரியாது. ரெண்டு பேர் பேரை உரிமையாளரா போடுங்க. ஃபார்மேட்டர் (கோடை ஒரே அமைப்புல வைக்குறது), லிண்டர் (தப்பை சுட்டிக் காட்டுறது), டெஸ்ட் ஓட்டுற விதம், ப்ராஜெக்ட் ஃபோல்டர் அமைப்பு இதெல்லாம் முதல் சர்வீஸ்லயே முடிவாகணும், ரெண்டாவது டீம் வந்து காப்பி அடிக்கப்போறது அதைத்தான்.

கடைசியா அந்த ரெண்டு பக்கத்துல ஒரு தேதியையும் ரெண்டு மூணு நிபந்தனையையும் எழுதுங்க. உதாரணமா, ஆறு மாசத்துல குறைஞ்சது நாலு பேராவது உதவி இல்லாம மாற்றம் பண்ணி டெப்லாய் பண்ணணும், ஆன்கால்ல (அலாரம் அடிச்சா எழுந்து பாக்குற முறை) வர்றவங்க எல்லாரும் ஒரு பிரச்சனையையாவது தனியா தீர்த்திருக்கணும், படி 4-ல எழுதின அந்த வாரக் கணக்கு ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கக்கூடாது. நடக்கலன்னா அந்த ஒரு சர்வீஸை பழைய லாங்குவேஜுக்கு திருப்பிக் கொண்டு போறது யார் பொறுப்புங்கிறதையும் அங்கேயே பேரோட எழுதுங்க. ஒரு சர்வீஸா இருக்கும்போது திரும்புறது சில வார வேலைதான், பன்னெண்டு ஆனதுக்கு அப்புறம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால அந்த தேதி வர்ற வரைக்கும் ரெண்டாவது சர்வீஸை அந்த லாங்குவேஜ்ல ஆரம்பிக்க யாருக்கும் அனுமதி குடுக்காதீங்க.